ஞாயிறு இருக்காது

ஐந்நூறு கோடி ஆண்டு கழித்து நடக்கப்போகிற ஒரு காரியத்துக்காக நானும் மைக்கக்காவும் டிக்கெட் கவுண்டரில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கண்ணாடிக்கு வெளியே ஒருவர் குழந்தையைத் தோளில் சுமந்தபடி மூன்று டிக்கெட் கேட்டு நின்றார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை.

"சூரியன்னு எல்லாம் போட முடியாது தம்பி. சோப்புக் கட்டிக்கு வைக்கிற பேரு மாதிரி இருக்கு. ஞாயிறுன்னு சொல்லிப் பாரு. வாய் நிறையுதா இல்லையா?"

"நிறையுதுக்கா. ஆனா ஞாயிறுன்னா நம்ம ஆளுங்களுக்கு லீவு நாள்தான் ஞாபகம் வரும்."

"உனக்கு வரும். வேலைக்கள்ளன்."

சொல்லிவிட்டுத்தான் திரும்பி அந்த மூன்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மைக் என்பது அவருக்குப் பள்ளிக்கூடத்தில் விழுந்த பேர். அந்தக் குரலுக்கு வேறு பேர் வைக்க முடியாது. எங்கள் கோளரங்கத்தில் பல வருடமாக டிக்கெட் கொடுக்கிறார். நான் மெஷின் ரூம் ஆள். வானத்தைக் காட்டும் கருவியின் லென்ஸ்களைத் துடைப்பேன், விளக்கை ஏற்றி இறக்குவேன், கிறீச்சிடும் நாற்காலிகளுக்கு எண்ணெய் விடுவேன். அங்கே வேலை பார்க்கிறவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த ஒரே காரணத்துக்காக நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அதே காரணத்துக்காக அவர் என்னை அதட்ட ஆரம்பித்தார். சொந்தக்காரர் ஆவதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்களிடம் ஒரு காட்சி உண்டு. சூரியன் எப்படி வயதாகி, வீங்கி, கடைசியில் அடங்கும் என்பதை முக்கால் மணி நேரத்தில் தலைக்கு மேலே காட்டுவோம். அதை நாங்கள் பிழைக்க வந்த நாட்டின் மொழியில் ஒருவர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்து, படத்தோடு சேர்த்துச் சொல்லுவார். அக்காவின் கண் அந்த நாற்காலி மேல்தான். கவுண்டர் சாலையைப் பார்த்து இருக்கிறது. உள்ளே வானமே சுற்றிக்கொண்டிருக்க, அவர் வருடக்கணக்காக அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் நேராக மேனேஜரம்மாவிடம் போய்விட்டார். எதிரே இருக்கிற புல்வெளியில் வாராவாரம் எங்கள் ஆட்கள் நூறு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தரும் உள்ளே வருவதில்லை, தமிழில் ஒரு காட்சி போட்டால் வருவார்கள், நானே சொல்லுகிறேன் என்று கேட்டார். மேனேஜரம்மா நல்ல மனுஷிதான், ஆனால் அளந்து பேசுகிறவர். ஒரே ஒரு காட்சி தருகிறேன், பார்க்கலாம் என்றார். சரியாக வந்தால் மாதம் ஒன்று, நாற்காலியும் அக்காவுக்கு. வராவிட்டால் கவுண்டரோடு சரி, மறுபடி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

சரியாக வருவது என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். மேனேஜரம்மா பின்கதவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சூரியன் முடியப்போகிறது என்று சொல்லும் இடத்தில் அரங்கம் அமைதியாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் சொன்னவர் சரியில்லை. அவருக்கு அவ்வளவுதான் கணக்கு.

அக்கா தானே தமிழில் எழுதினார். ஆள் இல்லாத நேரத்தில், அச்சு சரியாக விழாத டிக்கெட் சுருளின் பின்பக்கத்தில், விரித்தால் ஒரு புடவை நீளத்துக்கு. ஒத்திகைக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒன்றரை அறை. துணி துவைக்கும் மெஷின் சமையல் மேடைக்குக் கீழே குதித்துக்கொண்டிருந்தது. மாமா, அதாவது அக்காவின் புருஷன், தரையில் மல்லாந்து கண்மேல் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தார். கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். வெளிச்சம் அடித்த கண்ணுக்கு வீட்டில் அதுதான் வைத்தியம்.

"சூரியன் செத்தா உனக்கென்னடி? நீ டிக்கெட்டைக் கிழி" என்றார் துணியை எடுக்காமலே.

"நீங்க வர்றீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"வர்றேன். சாய்ஞ்சுக்குற நாற்காலி, ஏசி. நீ மேல பார்த்துப் பேசு, நான் கீழ படுத்துத் தூங்குறேன். எங்க செட்டு ஆளுங்களையும் கூட்டிட்டு வர்றேன். எல்லாரும் தூக்கம் கெட்டவனுங்க."

"பார்த்தியா தம்பி இவரை? வாய்ல வர்றது ஒண்ணாவது நல்ல வார்த்தையா இருக்கா?"

அக்கா சுருளை விரித்துப் படித்தார். வெள்ளைக்குள்ளன் என்ற இடத்தில் நின்றுவிட்டார். எல்லாம் முடிந்தபின் சூரியனின் நடுவே மிஞ்சுகிற சின்ன வெள்ளை உருண்டை அது. புதிதாக எதுவும் எரியாது, இருக்கிற சூடு மட்டும் மெல்ல மெல்லக் குறையும். அது எப்படி இருக்கும் என்று சொல்ல வார்த்தை வரவில்லை. விளக்கு என்றார், அடித்தார். கொள்ளி என்றார், சீ என்று அதையும் அடித்தார்.

"வெல்டிங் ராடை எடுத்ததும் பத்த வச்ச இடம் இருக்குமே, அது மாதிரி" என்றது ஈரத்துணி. "மொதல்ல வெள்ளை. அப்புறம் மஞ்சள். அப்புறம் செவப்பு. கடைசில கறுத்துடும். கையை வச்சா அப்பவும் சுடும்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் காட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

காட்சி வைத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். துவைத்து மடிப்புக் கலையாத சட்டைகள். வாசலிலேயே செருப்பைக் கழற்றலாமா என்று என்னிடம் கேட்டார்கள். முன்னால் மாமாவின் செட்டு மேஸ்திரி, பெரிய மீசைக்காரர், டிக்கெட்டை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல நிமிர்ந்து நடந்தார். நாற்காலிகள் பின்னால் சாய்வதைக் கண்டுபிடித்ததும் கொஞ்ச நேரம் அதே விளையாட்டாக இருந்தது. எண்ணெய் விட்டிருந்தேன், ஒன்றும் கிறீச்சிடவில்லை. எனக்கு அதில் ஒரு திருப்தி.

விளக்கை இறக்கினேன். நட்சத்திரங்கள் வந்தன. உயரமான நாற்காலியில் அக்கா, கையில் சிவப்பு டார்ச், மடியில் சுருள்.

"வணக்கம். இப்ப நீங்க பார்க்குறது நம்ம வானம்தான்" என்றார்.

அந்தக் குவிமாடத்துக்குள் தமிழ் கேட்டது அன்றுதான் முதல்தடவை. நான் அங்கே வேலை செய்கிற இத்தனை காலத்தில் அந்த இடத்தில் தமிழ் என் மண்டைக்குள் மட்டும்தான் ஓடியிருக்கிறது. இப்போது அது மேலே போய், வளைந்து, நாலு பக்கமிருந்தும் இறங்கி வந்தது. எனக்குக் கழுத்து நிமிர்ந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வானத்தை நான் செய்யவில்லை, பேசுவதும் நான் இல்லை.

நன்றாகத்தான் போனது. சூரியன் பிறந்த கதை, உள்ளே வாயு எரிகிற கதை. மாமாகூடத் தூங்கவில்லை. பிறகு அந்த இடம் வந்தது. நான் இசையைக் குறைத்தேன். பின்கதவுப் பக்கம் மேனேஜரம்மா வந்து நின்றது தெரிந்தது. அக்கா மூச்சை இழுத்து, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஐந்நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிறகு... ஞாயிறு இருக்காது."

முன்வரிசையில் ஒரு நாற்காலி படக்கென்று நிமிர்ந்தது.

"என்னது?" என்றது மேஸ்திரியின் குரல் இருட்டில். "ஞாயிறு இருக்காதா?"

"ஏற்கெனவே ஓவர்டைம்னு பாதி ஞாயிறு போச்சு, மிச்சத்தையும் புடுங்குறாங்களா?"

"மேஸ்திரி, இது உங்க ஏற்பாடுதானே? உண்மையைச் சொல்லுங்க!"

அவ்வளவுதான். அரங்கம் வெடித்துவிட்டது. அறுபது பேர் மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தால் எப்படி இருக்கும்? குவிமாடம் அதையும் நாலு பக்கமிருந்தும் திருப்பிக் கொடுத்தது. மேலே சூரியன் பாட்டுக்குத் தகதகவென்று நின்றது.

மேனேஜரம்மா விறுவிறுவென்று என்னிடம் வந்தார். எதற்குச் சிரிக்கிறார்கள், இது சிரிக்கிற இடமா என்று கேட்டார். விளக்கைப் போட்டுவிடு, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது இன்னும் மோசம்.

சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். இறுகிப்போயிருந்தது. சுருளில் அடுத்த வரியிலேயே விரல் நின்றுவிட்டிருந்தது. என் கை விளக்குத் திருகின் மேல் இருந்தது.

"மைக்கு!" மாமாவின் குரல். "எத்தனை ஞாயிறு பாக்கி இருக்குன்னு மொதல்ல சொல்லு. அப்புறம் அழுறதா வேணாமான்னு முடிவு பண்றோம்!"

மறுபடி சிரிப்பு. கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் அக்கா வாழ்நாளெல்லாம் டிக்கெட்டைப் பெருக்கிக் கொடுத்தவர். கணக்குக் கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"இருபத்தாறாயிரம் கோடி" என்றார் மைக்கில், கண் இமைக்கிற நேரத்தில். "போதுமா உங்களுக்கு?"

"போதும் தாயி, போதும்!"

"போதாது. முழுசா உங்க கைக்கு வராது. நூறு கோடி வருஷத்துலயே வெயில் ஏறிக் கடல் வத்திடும். அதுக்கப்புறம் வர்ற ஞாயித்துக்கிழமைல குளிக்கத் தண்ணி கிடையாது."

"பக்கத்துல ஒருத்தன் இருக்கான்க்கா, இப்பவே குளிக்கிறதில்ல!"

நான் மேனேஜரம்மாவிடம் திரும்பி, கேள்வி கேட்கிறார்கள் அம்மா, அக்கா பதில் சொல்கிறார் என்றேன். கேள்வியா என்றார். அவர் காட்சியில் இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. அப்படியே நின்றார். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"சிரிச்சாச்சா?" என்றார் அக்கா. "இப்ப நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. வாரத்துல ஒரு நாள் காலை நீட்டிப் படுக்குறீங்க. அந்த நாளுக்கு யாரு பேரு வச்சிருக்கோம்?"

டார்ச்சை மேலே திருப்பினார்.

"இதோ மேல நிக்கிறாரே, இவரு பேரு. இவரு ஒரு நாளாவது படுத்திருக்காரா? நானூத்தறுபது கோடி வருஷமா ஒரே ஷிஃப்ட். மாத்திவிட ஆள் வரல. உடம்பு சரியில்லன்னு ஒரு நாள் வராம இருந்ததில்ல. ராத்திரி இங்க இல்லைன்னா அந்தப் பக்கம் வேலையா இருக்காருன்னு அர்த்தம். உங்களுக்கு, எனக்கு, உங்க முதலாளிக்கு, எல்லாருக்கும் தன் பேருல ஒரு லீவு குடுத்துட்டுத் தான் மட்டும் எடுத்துக்கல. எடுத்துக்கட்டுமே ஒரு நாள். அதைச் சாவுன்னு ஏன் சொல்லணும்? அன்னைக்குத்தான் ஞாயித்துக்கு ஞாயித்துக்கிழமை."

சுருள் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவர் குனியவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் படத்தை ஓடவிட்டேன்.

சூரியன் சிவந்து வீங்கியது. புதனை விழுங்கியது, வெள்ளியை விழுங்கியது. குவிமாடம் முழுக்கச் செக்கச்செவேலென்று ஆகி, அறுபது சட்டையும் ஒரே நிறமாயிற்று.

"பூமி என்னாகும்க்கா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்.

"தெரியாது. முழுங்கினாலும் முழுங்குவாரு, விட்டாலும் விடுவாரு. படிச்சவங்களே இன்னும் அடிச்சுக்குறாங்க. ஆனா நாம அதுவரைக்கும் இங்கயேவா உட்கார்ந்திருக்கப் போறோம்? வேலை கிடைக்குதுன்னு சொன்னா கடலைத் தாண்டி வந்த சனம் நாம. வேற இடம் பார்க்க மாட்டோமா?"

"விசா?" என்றார் ஒருவர். ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து தானாகவே அடங்கியது.

பிறகு சூரியன் மேல்தோலை எல்லாம் மெல்ல ஊதி வெளியே விட்டது. நிறநிறமாகப் புகைபோலப் பரவியது. "உள்ள சேர்த்து வச்ச கரியை, கார்பன்னு படிச்சிருப்பீங்களே, அதை எல்லாம் வெளிய விட்டுட்டுப் போவாரு. அடுத்தவன் எடுத்துக்கட்டும்னு. நம்ம உடம்புல இருக்கிற கரியும் அப்படி வந்ததுதான், இவருக்கு முன்னால இருந்த பெரியவங்க விட்டுட்டுப் போனது" என்றார் அக்கா. நடுவில் அந்தச் சின்ன வெள்ளை உருண்டை மட்டும் நின்றது. "இப்ப இவரு, ராடை எடுத்ததும் பத்த வச்ச இடம் இருக்குமே, அது மாதிரி. மொதல்ல வெள்ளை. அப்புறம் மஞ்சள். அப்புறம் செவப்பு..."

"ஏய், அது நான் சொன்னதுடி!"

"ஆமா, நீங்க சொன்னதுதான். பேசாம படுங்க."

வெல்டர்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த உருண்டை மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கிற காட்சி. இதில் பெரிதாகப் புதிதில்லை என்பது போலவும், இதைத்தான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தோமா என்பது போலவும் இருந்தது அந்த அமைதி.

"கடைசியா ஒண்ணு" என்றார் அக்கா. "இவ்வளவு பெரிய ஆளு. தனக்கு என்ன ஆகப்போகுதுன்னு இவருக்குத் தெரியாது. இந்த டிக்கெட் குடுக்குறவளுக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும். நேத்து வந்த மனுஷன், இங்க இருந்தபடியே இவரு முடிவு வரைக்கும் கணக்குப் போட்டு வச்சிருக்கான். வெளிய போய் இவரைப் பார்க்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. கண்ணுக்கு நேரா வேணாம், வெல்டருங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

நான் விளக்கை ஏற்றினேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த காட்சிக்கு ஆட்கள் வெளியே நிற்கிறார்கள் என்று நானே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

மேனேஜரம்மா அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நன்றாக வந்தது, நான் நினைத்த மாதிரி இல்லை, ஆனால் நன்றாக வந்தது என்றார். பிறகு, நடுவில் சிரித்தார்களே, அது எந்தச் சொல் என்று கேட்டார். நான் விளக்கினேன். எங்கள் மொழியில் சூரியனுக்கும் அந்த லீவு நாளுக்கும் ஒரே பேர் என்றேன். மேனேஜரம்மா யோசித்தார். மேலே இருக்கிறவர்கள் வந்து பார்ப்பார்கள், சூரியன் சாகும்போது அரங்கமே சிரித்தால் நான் என்ன பதில் சொல்வது, வேறு சொல் இருக்கிறதல்லவா, அதைப் போட்டுவிடுங்கள், அடுத்த மாதத்திலிருந்து நாற்காலி உங்களுக்கு என்றார்.

"அக்கா, சூரியன்னு போட்டுடலாம்" என்றேன்.

"மாத்திடுடி. ஒரு வார்த்தைதானே?" என்றார் மாமா.

அக்கா இரண்டு பேரையும் பார்த்தார். "அந்த வார்த்தையாலதான் சிரிச்சாங்க. அதே வார்த்தையாலதான் அடங்குனாங்க. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு எப்படி வரும்? சூரியனுக்கு ஏது லீவு?" மேனேஜரம்மாவிடம் அவர் மொழியிலேயே, மரியாதையாக, மாற்ற மாட்டேன் என்றார். நான் கவுண்டருக்கே போகிறேன் அம்மா, தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். சுருளைக் குனிந்து எடுத்தார், சுற்றினார், போய்விட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணைத் துடைக்காமல், அடுத்த காட்சிக்கு டிக்கெட் கிழிக்க ஆரம்பித்திருந்தார். வரிசை நகர்ந்தது. மாமா வரிசையில் வந்து நின்றார்.

"ஒரு டிக்கெட்."

"எதுக்கு?"

"அடுத்த தமிழ்க் காட்சிக்கு."

"அது கிடையாது. வீட்டுக்குப் போங்க."

"வர்றப்ப வரட்டும். நான் நிக்கிறேன்."

அவருக்குப் பின்னால் மேஸ்திரி நின்றார். மேஸ்திரிக்குப் பின்னால் குளிக்காதவர், விசா கேட்டவர் என்று எல்லாரும். மடிப்புக் கலைந்த சட்டைகள் வாசலைத் தாண்டி நடைபாதை வரைக்கும். யாரும் சத்தம் போடவில்லை. மற்ற ஆட்களுக்கு வழிவிட்டு, பக்கவாட்டில் ஒழுங்காக நின்றார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு லீவு, அதை நின்று கழித்தார்கள்.

மேனேஜரம்மா வெளியே வந்து அந்த வரிசையைக் கடைசிவரை பார்த்தார். மேஸ்திரியிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். மேஸ்திரிக்கு அந்த மொழி அரைகுறை. மீசையைத் தடவிக்கொண்டு ஒரே சொல்லில் முடித்தார்.

"ஞாயிறு."

மேனேஜரம்மா சொல்லிப் பார்த்தார். "நாயிறு."

"நாய் இல்லம்மா!" வரிசை மொத்தமும் பதறியது. "ஞா! ஞா!"

"ங்ஙா... ந்யா..." அந்த அம்மா விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை எங்கே வைப்பது என்று தேடி, மூன்றாவதோ நாலாவதோ முறை சொன்னார். "ஞாயிறு."

வரிசை கைதட்டியது. மேனேஜரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கவுண்டர் பக்கம் திரும்பி, வாசல் பலகையில் இதை உங்கள் எழுத்திலேயே எழுதிவையுங்கள், மேலே இருக்கிறவர்கள் கேட்டால் அர்த்தத்தை நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அடுத்த மாதம் இதே நாள் என்றும் சொன்னார்.

மாமா கண்ணாடிமேல் விரலால் தட்டினார். "இப்பக் குடுப்பியா, இல்ல இருபத்தாறாயிரம் கோடியும் நிக்கணுமா?"

அக்கா முதல் டிக்கெட்டைக் கிழித்து, பின்பக்கத்தில் அந்தச் சொல்லைப் பெரிதாக எழுதி, புருஷன் கையில் வைத்தார். மாமா அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படித்துவிட்டு, அடுத்த காட்சிக்கு நின்ற முன்பின் தெரியாத அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காட்டினார்.

"என் வீட்டுக்காரி எழுதுனது" என்றார் தமிழிலேயே. அந்த மனிதருக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது. ஆனாலும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.